அடிமண்

மூன்று மணிக்கு மேல் ரிப்போர்ட் வரும் என்று சொல்லிவிட்டு நர்ஸ் உள்ளே போய்விட்டாள். மூன்று மணிக்கு மேல் என்றால் மூன்றேகாலாகவும் இருக்கலாம், ஐந்தரையாகவும் இருக்கலாம். புண்ணிலிருந்து எடுத்த சீழில் கிருமி வளரத்தான் நேரம் வேண்டும். வளர்ந்து முடித்ததைப் பார்த்து ஒரு தாளில் எழுதி மாடிக்குக் கொண்டுவர எவ்வளவு நேரம் வேண்டும்? ஆனால் இதையே நான் எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அவசரப்படாதே, அது தன் பாட்டுக்குத்தான் வளரும், நீ பக்கத்தில் போய் நின்றால் வெட்கப்படும். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இப்போது இந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வளர்ந்திருக்குமா, வளர்ந்திருக்குமா என்று நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வளராமலா இருக்கும். உள்ளே ஆறு கட்டில். ஜன்னலோரக் கட்டிலில் ஆசீர் படுத்திருக்கிறார், என் வீட்டுக்காரர். வலது பாதத்தைத் தலையணைமேல் ஏற்றித் துணி சுற்றி வைத்திருக்கிறார்கள். அந்தத் துணிக்குள் பாதி கறுத்துவிட்டது. சர்க்கரை உடம்பு. ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு சின்ன வெட்டு, அவ்வளவுதான். முதலில் தெருமுனை டாக்டர், பிறகு ஒரு நர்சிங் ஹோமில் சில நாள், பிறகு பாளையங்கோட்டையில் இந்தப் பெரிய ஆஸ்பத்திரி. காய்ச்சல் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. காலையில் டாக்டர் உமையொருபாகம் முழங்காலுக்குக் கீழே தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரிப்போர்ட் வரட்டும் மேடம், எந்த மருந்து கேக்கும்னு தெரிஞ்சிரும். உங்களுக்கு நான் சொல்லணுமா" என்றார். நான் யுனிவர்சிட்டியில் மைக்ரோபயாலஜி சொல்லிக்கொடுக்கிறவள் என்று அவருக்குத் தெரியும். அதனால் என்னிடம் பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொள்கிறார், மீதியை நானே போட்டுக்கொள்வேன் என்று. போட்டுக்கொள்கிறேன். மருந்து கேட்கும், மருந்து கேட்காது. சின்ன வயதிலிருந்து காதில் விழுகிற பேச்சு. பிள்ளை சொல்பேச்சுக் கேட்கிறது, நாய் கேட்கிறது, நோய் கேட்கிறது. கேட்காத ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். பார்த்து சந்தோஷப்பட்டிருக்கிறேன். வேண்டாம், அதை இப்போது நினைக்கவேண்டாம்.

வேறு எதையாவது நினைக்கலாம். பினாயில் நாற்றத்தை நினைக்கலாம். எதிர்ச் சுவரில் பச்சைப் பெயிண்ட் உரிந்து உள்ளே பழைய நீலம் தெரிகிறது, அதற்கும் உள்ளே சுண்ணாம்பு. எதைப் பார்த்தாலும் எனக்கு அடுக்குதான் தெரிகிறது, இது ஒரு வியாதி. சாத்தான்குளம் தாண்டிச் செம்மணல் தேரிக்காட்டில் நாங்கள் மண் எடுக்கத் தோண்டின குழியும் இப்படித்தான், மேலே சிவப்பு, கீழே கறுப்பு. மேல் மணல் கையில் நிற்காது, குங்குமத்தை அள்ளினமாதிரி விரலிடுக்கில் ஓடிவிடும். ஆள் உயரத்துக்குமேல் தோண்டினால் மண்வெட்டிச் சத்தம் மாறும், கட்டியாக இருண்ட மண் வரும், உள்ளே வேர் போன இடமெல்லாம் ஊசித்துளையாக. ஒரு காலத்தில் அதுதான் தரை. அதன்மேல் மழை பெய்தது, புல் முளைத்தது. பிறகு காற்று கடற்கரை மணலைக் கொண்டுவந்து கொட்டி மூடிவிட்டது. ஒரு மணல்மணி கடைசியாக வெயிலைப் பார்த்தது எப்போது என்று கணக்குப் போட ஒரு வழி இருக்கிறது. போட்டார்கள். பன்னிரண்டாயிரம் வருஷம் என்று வந்தது. அத்தனை வருஷம் இருட்டில் கிடந்த அந்த மண்ணுக்குள் இன்னும் உயிர் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத உயிர், சாப்பாடு இல்லாமல் சாகவும் சாகாமல். அதை எடுத்துவந்து வளர்த்துப் பார்ப்பதுதான் என் வேலை. வேலை என்ன வேலை. டிபார்ட்மெண்ட் ஜீப்புக்கு டிரைவர் கிடையாது, அதனால் ஆசீர்தான் ஓட்டிக்கொண்டு வருவார். அவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் சும்மா இருக்கமாட்டார், யார் ஓட்டினாலும் அவர் வலதுகால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும். "நானும் வாரேன் எப்சி, உன் பூச்சியெல்லாம் ஊருக்கு எப்படி வருதுன்னு பாக்கேன்" என்பார். வெட்டுப் பட்ட அன்றைக்கும் அப்படித்தான். கூலியாள் வரவில்லை, மறுபடி போக நாளும் இல்லை. செருப்புக்குள் மணல் நிறைகிறது என்று கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு குழிக்குள் இறங்கினார். நான் மேலே நின்று சொல்லச் சொல்லக் கீழே மண் எடுக்கிற இரும்புக் குழாயை அடித்து இறக்கினார். கொல்லாமரத்து நிழல் ஒரு பக்கம். காற்று. மண்வெட்டியை எட்டி எடுக்கும்போது அதன் ஓரம் பெருவிரலுக்குக் கீழே இறங்கிவிட்டது. சர்க்கரைக்காரர் காலில் உணர்ச்சி குறைவு, அவருக்குத் தெரியவே இல்லை. நான்தான் பார்த்தேன், இருண்ட மண்ணில் இன்னும் இருட்டாக ஒன்று பரவுவதை. அவர் குனிந்து பார்த்துச் சிரித்துவிட்டு, கீழேயிருந்து ஒரு கை மண்ணை அள்ளி வெட்டில் வைத்து அமுக்கினார். எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிறதுதான், மண்ணை வைத்தால் ரத்தம் நின்றுவிடும். நான் என்ன சொன்னேன்? கழுவுங்க என்று சொன்னேனா? மேலே வாங்க என்று சொன்னேனா? "ஐயோ, அந்த மண்ணுல ரத்தம் பட்டுராமப் பாத்துக்கிடுங்க" என்றுதான் சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பட்டுட்டே" என்றார், ஏதோ டம்ளரைத் தவறவிட்ட பிள்ளை மாதிரி. பிறகுதான் தண்ணீர் ஊற்றினேன், டெட்டால் தடவினேன், கைக்குட்டையால் கட்டினேன். எல்லாம் செய்தேன். ஆனால் முதலில் சொன்னது அதுதான். முதலில் வாயில் வந்தது அதுதான்.

"காப்பி குடி" என்று முகத்துக்கு நேரே டம்ளர் வந்தது. நேசம் மதினி. ஆசீரின் அக்காள், நாசரேத்திலிருந்து முதல் நாளே வந்துவிட்டாள், வந்ததிலிருந்து ராத்திரியெல்லாம் அவள்தான் தரையில் பாய் விரித்துப் படுக்கிறாள். "சாப்ட்டியா நீ?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். "பொய் சொல்லாத. டாக்டர் வந்தாவளா, என்ன சொன்னாவ?" "ரிப்போர்ட் வரணும் மதினி. வந்தாத்தான் மருந்து மாத்துவாவ." மதினி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும். என் தம்பியைக் காட்டுக்குள் கூட்டிப் போய் இப்படிப் பண்ணிவிட்டாயே என்று ஒரு வார்த்தை கேட்டால் நான் அழுதுவிட்டாவது எழுந்து முகம் கழுவிக்கொள்வேன். அவள் திட்டமாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஒருநாள் திட்டினதில்லை, பிள்ளை இல்லை என்பதற்குக்கூட. "எப்சி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டியே" என்றாள். "கேளுங்க மதினி." "அந்த மண்ணுலதான் இருந்திருக்குமோ? தம்பி சொன்னான், குழிக்குள்ள மண்ணை எடுத்து அப்புனேன்னு. எனக்கு என்ன தெரியும். நீதான அதப் பத்திப் படிச்சவ, அதான் கேக்கேன்." படிச்சவ. படித்தவள் சொல்லவேண்டிய பதில் எனக்குத் தெரியும், வகுப்பில் சொல்கிற பதில், ஒரு பிடி மண்ணில் கோடிக் கோடியாக இருக்கின்றன, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதும் மனுஷனை ஒன்றும் செய்யாதவை, அவற்றுக்கு நம் உடம்புச் சூடே ஆகாது. தெளிவான பதில். பலகையில் எழுதிக் கீழே கோடு போடலாம். "அப்படி இருக்காது மதினி" என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். "இருக்காதுன்னா சரி. நீ சொன்னா சரிதான்" என்றாள், என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள், எழுந்தாள். "கீழ கட்டுத்துணி வாங்கிட்டு வரச் சொன்னாவ. வாங்கிட்டு அப்படியே ஜெபக் கூடத்துல உக்காந்துட்டு வாரேன்." அவள் போன பிறகும் முழங்காலில் அந்தக் கையின் சூடு இருந்தது. நம்பிக்கை வைத்துவிட்டுப் போகிறவர்களைப் போல மோசமானவர்கள் கிடையாது. தொண்ணூற்றொன்பது. மீதி ஒன்று? நான் ஏன் தொண்ணூற்றொன்பது என்று சொல்லிக்கொடுக்கிறேன்? நூறு என்று ஏன் ஒருநாளும் சொன்னதில்லை?

ஏனென்றால் பார்த்திருக்கிறேன். போன வருஷம், தேரியிலிருந்து முதல்முறை எடுத்துவந்த மண். வாரக்கணக்காக ஒன்றும் இல்லை, பிறகு ஒருநாள் காலையில் தட்டில் வெள்ளை வெள்ளையாகச் சின்னப் புள்ளிகள், பழைய சுவரின் சுண்ணாம்புபோலக் காய்ந்து, மூடியைத் திறந்தால் முதல் மழை மண்வாசனை. மோந்து பார்க்கக்கூடாது என்று நானே சொல்லிக்கொடுத்துவிட்டு நானே மோந்து பார்த்தேன். பன்னிரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் பெய்த மழை. பிறகு மருந்து வைத்துப் பார்த்தோம். தட்டு முழுக்கக் கிருமியைத் தடவிவிட்டு, மருந்தில் நனைத்த வட்டக் காகிதங்களை வைப்பது, பிள்ளைகள் அதைப் பொட்டு என்பார்கள். மருந்து கேட்டால் பொட்டைச் சுற்றிக் கிருமி செத்துத் தெளிந்த வட்டம் விழும். கேட்காவிட்டால் பொட்டின் ஓரம்வரை வளர்ந்து ஏறி நிற்கும். சில நாள் கழித்துத் திறந்து பார்த்தால் வட்டமே இல்லை. பழைய மருந்து, புது மருந்து, ஆஸ்பத்திரிகளில் கடைசியாகக் கையில் எடுக்கிற மருந்து, எதற்கும் வட்டம் இல்லை. மனுஷன் மருந்து கண்டுபிடிப்பதற்கு எத்தனையோ ஆயிரம் வருஷம் முன்னாலேயே அதற்குப் பதில் தயாராக வைத்துக்கொண்டு மணலுக்கடியில் உட்கார்ந்திருந்த ஜீவன். நான் கத்தினேன், உண்மையாகவே கத்தினேன். எல்லாருக்கும் தூத்துக்குடி மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன். ஆசீர் எனக்குத் தெரியாமல் இரண்டு தின்றார். அப்புறம் மாநாட்டில் பேசினேன், மருந்தைவிட மருந்தை எதிர்க்கிற சக்திதான் மூத்தது என்றேன், கை தட்டினார்கள். ஆகையால் எனக்குத் தெரியும். அந்தக் குழிக்குள் அவர் கையால் அள்ளினது எந்த மண் என்று உலகத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்தும் ரத்தம் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அதெல்லாம் உடம்புச் சூட்டில் வளராது. ஆமாம், வளராது. ஒன்றைத் தவிர. அந்த வெள்ளைப் புள்ளிகளில் ஒன்றை மட்டும் உடம்புச் சூட்டில் வைத்துப் பார்த்தபோது மங்கலாக, விருப்பமில்லாததுபோல, வளர்ந்தது. சுவாரசியம் என்று நினைத்து அடுத்த வேலையைப் பார்க்கப் போனேன். மங்கலாகத்தானே வளர்ந்தது. சர்க்கரை ஏறின ரத்தத்தில் மங்கலாகவே வளருமா? அது எப்படித் தெரியும், யாரும் அதைச் சர்க்கரை ரத்தத்தில் வளர்த்துப் பார்த்ததில்லை. இப்போது வளர்த்துப் பார்க்கிறோமா? இந்த ஐந்து வாரமாக, கட்டு மாற்றும்போதெல்லாம், நர்ஸ் திரும்பின நேரம் பார்த்து நான் குனிகிறேன். மண்வாசனை வருகிறதா என்று. சீழ் வாசனை, மருந்து வாசனை, அதற்கடியில், அதற்கும் அடியில், வருகிறதா. ஒருநாள் வருகிறமாதிரி இருந்தது. வெளியே ஓடினேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மழைதானா? மழைதான். ஆனால் நான் குனிந்தபோது மழை தொடங்கிவிட்டதா? இதற்கு எப்படி விடை கண்டுபிடிப்பது, யாரைக் கேட்பது, ஐந்தாம் நம்பர் கட்டில்காரரின் மகளிடம் போய், ஏம்மா, புதன்கிழமை மழை எப்போது தொடங்கியது என்று கேட்பதா. டாக்டரிடமும் சொல்லவில்லை. மண்பட்ட வெட்டு என்று சொன்னேன். எந்த மண் என்று சொல்லவில்லை. சொன்னால் தனியாகத் தேடுவார்கள். தேடினால் கிடைக்கும். தேடாவிட்டாலும், இருந்தால் இன்றைக்குக் கீழே லேப் தட்டில் தெரியும். வெள்ளையாக, காய்ந்து.

உட்கார்ந்திருக்க முடியவில்லை. படியிறங்கினேன். கால் தானாகப் போயிற்று என்று சொல்லமாட்டேன், நான்தான் போனேன். லேப் தரைத்தளத்தில் எக்ஸ்ரே அறைக்குப் பின்னால். அங்கே சங்கரகோமதி இருக்கிறாள், என்னிடம் எம்.எஸ்சி. படித்தவள், நல்ல பிள்ளை, ஊசிபோல வேலை செய்வாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "மேம், நானே மேல வரலாம்னு இருந்தேன்." "தட்டைக் காட்டு." "ரிப்போர்ட் டைப் ஆயிட்டிருக்கு மேம், ஒரு பத்து நிமிஷம்..." "ரிப்போர்ட் வேண்டாம் கோமதி. தட்டைக் காட்டு." அவள் இன்குபேட்டரைத் திறந்து இரண்டு தட்டுகளை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். மூடியில் பெயர், வார்டு நம்பர், அவளுடைய சின்னக் கையெழுத்து. முதல் தட்டை நான் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு அம்மா குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். பிறகு பார்த்தேன். ரோஸ் நிறம். பெரிய பெரிய புள்ளிகள், ஈரமாக, வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டி வழிந்து. வெள்ளை இல்லை. காய்ந்ததில்லை. கோமதி கம்பியால் ஒன்றைத் தொட்டுத் தூக்கினாள், சளிபோல நூலாக இழுபட்டு வந்தது. ஒரு கெட்ட, புளித்த வாடை. மண் இல்லை, மழை இல்லை. "கிளெப்சியெல்லா மேம்" என்றாள். எனக்கே தெரிந்தது, முதல் வருஷப் பிள்ளைக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக் கிருமி. ஆஸ்பத்திரியில் கட்டிலிலும் குழாயிலும் கையிலும் இருந்து ஆளுக்கு ஆள் போகிற கிருமி. இந்த ஐந்து வாரத்தில் எங்கேயோ ஒரு கையிலிருந்து வந்திருக்கிறது, எந்தக் கை என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. என்னுடையது இல்லை. என் நெஞ்சிலிருந்து ஏதோ ஒன்று கழன்று விழுந்தது, அவ்வளவு பாரம் அங்கே இருந்தது என்றே விழுந்த பிறகுதான் தெரிந்தது. கர்த்தாவே, என்னுடையது இல்லை. தேரி இல்லை, குழி இல்லை, நான் சொன்ன அந்த வார்த்தை இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு விட்டேன். சிரித்திருக்கிறேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கோமதி என்னை ஒருமாதிரியாகப் பார்த்தாள். "மேம்" என்றாள், மெதுவாக இரண்டாவது தட்டை என் பக்கம் நகர்த்தினாள். பொட்டு வைத்த தட்டு. வட்டம் இல்லை. ஒரு பொட்டுக்கும் இல்லை. ஓரம்வரை ஏறி நின்றது, என்னுடையதைப்போலவே. ஆனால் என்னுடையது மணலுக்கடியில் நூறு வருஷத்துக்கு ஒருமுறை பிரிந்தாலும் பிரியும், சோம்பேறி, உடம்புச் சூட்டில் முனகிக்கொண்டு மங்கலாக வளர்கிற பிராணி. இது இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகிறது. நான் மேலே அந்த நாற்காலியில் உட்கார்ந்து மண்வாசனையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த நேரத்துக்குள் அது அவர் ரத்தத்தில் எத்தனை மடங்கு ஆகியிருக்கும். "தனியாப் பாத்ததுல கோலிஸ்டின் மட்டும் கேக்கும்போல மேம். ஆனா சாருக்குக் கிரியாட்டினின்..." அவளும் பாதியில் நிறுத்தினாள். எல்லாரும் என்னிடம் பாதியில் நிறுத்துகிறார்கள். கிட்னி ஏற்கெனவே பாதிதான் வேலை செய்கிறது, அந்த மருந்து மீதியை எடுத்துக்கொள்ளும். அது தெரியும். எல்லாம் தெரியும். என்னுடையதாக இருந்திருந்தால் மருந்து கேட்காவிட்டாலும் நேரமாவது இருந்திருக்கும். என்னுடையதாக இல்லாததற்கு நான் இப்போது சந்தோஷப்பட்டேன். ஒரு நிமிஷமா, அரை நிமிஷமா, அவர் சாகக் கிடக்கிறார் என்று காட்டுகிற தட்டை முன்னால் வைத்துக்கொண்டு நான் சந்தோஷமாக இருந்தேன். அன்றைக்குக் குழி மேட்டில் நின்று முதலில் என் மண்ணை நினைத்தவள், இன்றைக்கு முதலில் என்னை நினைத்தேன். இரண்டு தடவையும் அவர் இரண்டாவதுதான். "தண்ணி குடிக்கிறீங்களா மேம்?" என்று கோமதி கேட்டாள். குடித்தேன்.

படியில் பாதி ஏறும்போதே உமையொருபாகம் எதிரில் வந்துவிட்டார். அவருக்கு போனில் சொல்லிவிட்டார்கள். சுவரோரம் ஒதுங்கி நின்று பேசினோம், ஆட்கள் ஏறவும் இறங்கவுமாக. "பாத்துட்டீங்களா?" "பாத்துட்டேன் டாக்டர்." "கோலிஸ்டின் இன்னிக்கே ஆரம்பிக்கிறேன். கிட்னிய நெப்ராலஜி பாத்துக்கிடட்டும். ஆனா காலை விட்டு வச்சா மருந்து போட்டும் பிரயோஜனம் இல்ல. அங்கேருந்துதான் ரத்தத்துக்கு வந்துக்கிட்டே இருக்கு. முட்டிக்குக் கீழ எடுத்திரணும். நாளைக்குக் காலைல முதல் கேஸா வச்சிருக்கேன்." நான் தலையாட்டினேன். "எடுத்தாலும்..." என்றேன். இந்தத் தடவை பாதியில் நிறுத்தினது நான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எடுக்கலைன்னா ஒண்ணுமே இல்ல மேடம்" என்றார். வார்டுக்கு வெளியே மதினி இல்லை, இன்னும் ஜெபக் கூடத்தில்தான் இருக்கவேண்டும். கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். ஆசீர் விழித்திருந்தார். உதடு காய்ந்து, கண் மட்டும் பளபளவென்று. "ரிப்போர்ட் வந்துட்டா?" "வந்துட்டு." என் முகத்தையே பார்த்தார். "உன் மண்ணுல உள்ளதா?" என்றார். நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை இதைப் பற்றி, ஒரு வார்த்தை இல்லை. "இல்ல." "நெசமாவா?" "நெசமா. நானே போய்ப் பாத்தேன். இது வேற. ஆஸ்பத்திரில உள்ளது." அவர் கண்ணை மூடினார், நெஞ்சு மேலேறி இறங்கியது. "அப்பாடா" என்றார். "அன்னையிலருந்து நீ என் மூஞ்சியப் பாக்கவே இல்ல எப்சி. வந்தா காலை மோந்து பாப்ப, போயிருவ. சரி, பிள்ளைக்கு இதான் பயம்னு நெனச்சேன். நான் ஒண்ணும் கேக்கல. கேட்டா நீ அழுதுருவ." நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன், உட்காரக்கூடாது, உட்கார்ந்தேன். இதோடு விட்டுவிடலாம். அப்பாடா என்று சொன்ன முகத்தோடு அவரை இன்றைக்கு ராத்திரி தூங்கவிடலாம். டாக்டர் காலையில் சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் டாக்டர் பாதிதான் சொல்வார். "என்னோடதா இருந்திருந்தா நல்லாருந்திருக்கும்" என்றேன். "அது மெதுவாத்தான் வளரும். இது வேகமா வளருது, மருந்தும் கேக்காது. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கும், அதையும் கிட்னி தாங்கணும். காலை எடுக்கணும்ங்காவ. நாளைக்குக் காலைல." பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்தார்கள், அந்த வாசனை வந்தது. "எதுவரைக்கும்?" என்றார். நான் போர்வைக்குமேல், முழங்காலுக்குக் கீழே, கையை வைத்துக் காட்டினேன். அவர் தலையைத் தூக்கி என் கை இருந்த இடத்தைப் பார்த்தார், ரொம்ப நேரம், டிரைவிங் பழக வந்தவர் வண்டியில் போட்ட கீறலைப் பார்க்கிறமாதிரி. தலையைச் சாய்த்துக்கொண்டார். "அந்தக் கிருமிக்குப் பேரு உண்டா?" "உண்டு." "என்ன பேரு?" "கிளெப்சியெல்லா." "என்னது?" "கிளெப்சியெல்லா." உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தார், பிள்ளைகள் புது வார்த்தை படிக்கிறமாதிரி, துண்டு துண்டாக. கிள். எப்சி. எல்லா. நின்றார். மறுபடி சொன்னார். "ஏட்டி" என்றார், "உன் பேருலா இருக்கு அதுக்குள்ள." நான் அப்போதுதான் அதைக் கேட்டேன். வாத்தியார் வேலைக்கு வந்த நாளிலிருந்து சொல்கிற பெயர், ஆயிரம் தடவை பலகையில் எழுதின பெயர், ஒருநாளும் கேட்டதில்லை. அவர் சிரிக்க ஆரம்பித்தார். சத்தம் இல்லாமல், வயிறு மட்டும் குலுங்க, பிறகு சத்தமாக, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுப்பக்கம் இறங்க. "உன்னோடது இல்லன்னு சொன்னியே" என்றார் சிரிப்புக்கு நடுவில். எனக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பாகத்தான் இருக்கவேண்டும், நிறுத்த முடியவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், கை கொதித்தது, இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம். கதவு திறந்தது. கட்டுத்துணிப் பொட்டலத்தோடு நேசம் மதினி நின்றாள். எங்களை மாறி மாறிப் பார்த்தாள், நாங்கள் சிரிப்பதைப் பார்த்தாள், அவள் முகம் அப்படியே மலர்ந்தது. பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் உயரத் தூக்கி, வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி, "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்றாள்.